என்ஜின் நின்ற பிறகு: மிதவை விமான விபத்து ஓர் எளிய விளக்கம்

1935 ஆகஸ்ட் 15. அலாஸ்காவின் வடகோடியில், பாயின்ட் பாரோவுக்குப் பதினைந்து மைல் முன்னால், வாலக்பா என்ற இடத்தில் ஆழமில்லாத ஓர் உப்பங்கழி. மோசமான வானிலையில் வழி தவறிய ஒரு விமானம் அந்தத் தண்ணீரில் இறங்கியது. கரையில் அப்பகுதியின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் சிலர் முகாமிட்டிருந்தார்கள். பாரோ எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளே இருந்த இருவரும் மறுபடி கிளம்பினார்கள். விமானம் தண்ணீரை விட்டு எழுந்தது. அதிக உயரம் போவதற்குள் என்ஜின் நின்றது. மறுகணம் மூக்கு கவிழ்ந்து, வந்த உப்பங்கழியிலேயே பாய்ந்து நொறுங்கியது. இருவரும் அங்கேயே இறந்தார்கள்.

விமானத்தை ஓட்டியவர் வைலி போஸ்ட். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1933 ஜூலையில், தனி ஆளாக விமானத்தில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். உடன் பயணித்தவர் வில் ராஜர்ஸ். அன்றைய அமெரிக்காவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. திரைப்பட நடிகர், பத்திரிகைப் பத்தி எழுத்தாளர், மேடையில் நாட்டையே சிரிக்க வைத்தவர்.

இந்த விபத்தைப் படித்தபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது. தண்ணீரில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட விமானம் அது. கீழே இருந்ததும் தண்ணீர். ஓட்டியவர் உலகின் தலைசிறந்த விமானிகளில் ஒருவர். பிறகு ஏன் இருவரும் சாக வேண்டும்? என்ஜின் நிற்பது ஒரு சங்கதி, விமானம் விழுவது இன்னொரு சங்கதி, விழுந்த பின் மனிதர்கள் சாவது மூன்றாவது சங்கதி. செய்தித்தாள் மூன்றையும் சேர்த்து 'என்ஜின் கோளாறால் விபத்து' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எந்த இடத்தில் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது தெரியும்.

முதலில் விமானத்தைப் பற்றி

சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில், படகு போன்ற இரண்டு நீண்ட மிதவைகளைப் பொருத்திய விமானம்தான் மிதவை விமானம். உடற்பகுதி தண்ணீரைத் தொடாது. மிதவைகளின் மேல், கால்களில் நிற்பதுபோல நிற்கும். உடற்பகுதியே படகாக அமைந்திருந்தால் அதற்குப் பறக்கும் படகு என்று பெயர். மிதவைக்குள் மடங்கும் சக்கரங்களும் இருந்தால், நிலத்திலும் நீரிலும் இறங்கலாம். பிரான்சில் ஆன்ரி ஃபாப்ர் 1910 மார்ச் 28 அன்று தண்ணீரிலிருந்து தன் விசையிலேயே எழுந்து பறந்தார். இந்த வகை விமானங்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

இன்று கனடாவின் மேற்குக் கரையிலும் அலாஸ்காவிலும் மிதவை விமானம் ஏறக்குறைய பஸ் மாதிரி. சாலை போகாத ஊர்களுக்குக் கடிதமும் காய்கறியும் நோயாளியும் இதில்தான் போகிறார்கள். அங்கே அதிகம் காணப்படும் விமானம் கனடாவில் செய்யப்பட்ட டி ஹாவிலாண்ட் பீவர். 1947-ல் முதல் முறை பறந்தது. 1967 வரை 1,600-க்கும் மேல் செய்தார்கள். பல இன்னும் பறக்கின்றன. அதன் மூக்கில் வட்டமாக அடுக்கிய ஒன்பது சிலிண்டர்கள் கொண்ட, 450 குதிரைத்திறன் என்ஜின் ஒன்று. ஒன்றே ஒன்று. மாலத்தீவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ட்வின் ஆட்டருக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டர்பைன் என்ஜின்கள். ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்துப் பறந்து கரை சேரலாம். ஒற்றை என்ஜின் விமானத்தில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒற்றை என்ஜின் விமானங்களைப் பற்றியது.

என்ஜின் ஏன் நிற்கிறது

பெட்ரோல் என்ஜின் ஓடக் காற்று வேண்டும், எரிபொருள் வேண்டும், தீப்பொறி வேண்டும். மூன்றில் எது தடைபட்டாலும் நிற்கும். தீப்பொறிக்கு விமான என்ஜினில் இரட்டை ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், தனித்தனியே இரண்டு மேக்னெட்டோ (பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் கருவி). ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் ஓட்டும். சிலிண்டர் வெடிப்பது, பிஸ்டன் கம்பி முறிவது, எண்ணெய் வடிந்து என்ஜின் இறுகிப்போவது போன்ற இயந்திர முறிவுகளும் நடக்கின்றன. ஆனால் விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். பழுதே இல்லாத என்ஜின்கள் பல முறை நின்றிருக்கின்றன. எரிபொருள் வந்து சேராததால், அல்லது காற்று வந்து சேராததால்.

எரிபொருளை எடுத்துக்கொள்வோம். பீவரின் வயிற்றில் முன், நடு, பின் என்று மூன்று டாங்குகள். ஒன்று காலியாவதற்குள் விமானி கைப்பிடியைத் திருப்பி அடுத்ததற்கு மாற வேண்டும். மறந்தால் மற்ற இரண்டு டாங்குகளும் நிறைந்திருக்க என்ஜின் அடங்கிவிடும். உயரத்தில் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை; கைப்பிடியைத் திருப்பி, கைப்பம்பை நாலு தரம் அடித்தால் என்ஜின் மறுபடி உயிர்பெறும். அதே தவறு மர உச்சிகளுக்குச் சற்று மேலே நடந்தால், கைப்பிடிக்குக் கை போவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இன்னொரு எதிரி, டாங்குக்குள் புகும் தண்ணீர். நாள் முழுக்க ஏரியிலும் கடலிலும் மழையிலும் நிற்கும் விமானம் இது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் உள்ளே நீர் இறங்கும். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரமே துளிகளாகப் படியும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. டாங்கின் அடியில் போய்த் தங்கும். என்ஜினுக்கு எரிபொருள் போகும் குழாயும் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நாளும் முதல் பயணத்துக்கு முன் விமானி டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிபோன்ற ஒரு சிறு குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். விமானப் பெட்ரோலுக்கு இளநீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் நீலத்துக்கு அடியில் நிறமற்ற ஒரு குமிழ் உருண்டுகொண்டிருக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது: குவளை முழுவதுமே தண்ணீராக இருந்தால் பிரிகோடே தெரியாது, 'சுத்தமாக இருக்கிறது' என்று நினைத்துவிடலாம். நிறத்தையும் பார், மோந்தும் பார் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி

மிதவை விமானத்தோடு நெருங்கிய உறவுள்ள காரணம் இது. புதிதாகக் கேட்பவர்கள் நம்பவே மாட்டார்கள்: வெயில் அடிக்கும் இதமான நாளில், வெளியே எங்கும் பனி இல்லாதபோது, என்ஜினுக்குள் பனிக்கட்டி உருவாகும்.

கையில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக்கொள்ளுங்கள். சில்லென்று இருக்கும். ஆவியாகும் திரவம் தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதே காரணம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவியான கார்புரேட்டரில் பெட்ரோல் தூறலாகி ஆவியாகும்போதும் இதேதான் நடக்கிறது. அதோடு, அங்கே காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக வேகமெடுத்துப் போவதால் அழுத்தம் குறைந்து அதன் வெப்பமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 30 டிகிரி செல்சியசுக்கு மேல்கூடக் கீழே இழுத்துவிடும். வெளியே 20 டிகிரி என்றால் கழுத்துக்குள் உறைநிலைக்கும் கீழே. காற்றில் ஈரம் இருந்தால் அது வெண்பனியாகச் சுவரில் ஒட்டும், வளரும், கழுத்தை மெல்ல நெரிக்கும். வெப்பம் 21 டிகிரிக்குக் குறைவாகவும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலாகவும் இருந்தால் ஆபத்து அதிகம் என்கிறது அமெரிக்க விமானத் துறையின் கையேடு. அதைவிடச் சூடான நாட்களிலும் நடக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. ஏரியின் மேல் தாழப் பறப்பதும், கடலோர மேகத்துக்கு அடியில் ஊர்வதும், இறங்குவதற்காக என்ஜின் வேகத்தைக் குறைப்பதும் மிதவை விமானத்தின் அன்றாடம். பனி கட்டுவதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

மருந்து எளிது. விமானி ஒரு குமிழை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றி வந்த சூடான காற்று கார்புரேட்டருக்குள் போய்ப் பனியை உருக்கும். ஆனால் உருகிய நீர் என்ஜினுக்குள்தானே போக வேண்டும்? குமிழை இழுத்ததும் என்ஜின் முன்பைவிட மோசமாக இருமும், குலுங்கும், சத்தம் மாறும். அனுபவமில்லாதவர் 'நான் ஏதோ கெடுத்துவிட்டேன்' என்று பதறிக் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். அந்த அரை நிமிடக் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேலும், சூடு கிடைப்பது ஓடும் என்ஜினிலிருந்து. என்ஜின் முழுதாக நின்றுபோனால் சிறிது நேரத்தில் சூடும் இல்லாமல் போகும். எனவே பனி கட்டிய பிறகு இழுப்பதைவிட, கட்டும் என்று சந்தேகம் வந்ததுமே இழுப்பதே முறை.

நான்கு என்ஜின்களுக்கும் ஒரே நேரத்தில் இது நடந்த கதையும் உண்டு. 1939 ஜனவரி 21 அன்று, நியூயார்க்கிலிருந்து பெர்முடாவுக்குப் போன 'கேவலியர்' என்ற பிரிட்டிஷ் பறக்கும் படகு. மேகத்துக்குள் கார்புரேட்டர்களில் பனி கட்டி, என்ஜின்கள் ஒவ்வொன்றாக வலுவிழந்தன. அட்லாண்டிக் கடலின் கொந்தளிப்பில் இறங்கியது, அடிப்பகுதி உடைந்து சுமார் கால் மணி நேரத்தில் மூழ்கியது. 13 பேரில் 10 பேர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பத்து மணி நேரம் நீரில் மிதந்தார்கள்; இருட்டிய பின் ஓர் எண்ணெய்க் கப்பல் வந்து எடுத்தது. மூன்று பேர் பிழைக்கவில்லை. தண்ணீரில் இறங்கத் தெரிந்த விமானம் என்றால் எந்தத் தண்ணீரிலும் இறங்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்வது.

நின்ற பிறகு உள்ள நொடிகள்

என்ஜின் நின்றால் விமானம் கல்லைப்போல விழும் என்பது பொதுவான பயம். அப்படி இல்லை. இறக்கையைத் தூக்குவது என்ஜின் அல்ல, இறக்கையின் மேல் ஓடும் காற்று. என்ஜின் நின்றாலும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிள் மிதிக்காமலே ஓடுவதுபோல, உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சக்கரங்கள் உள்ள செஸ்னா 172 போன்ற சிறு விமானம் ஓரடி இறங்குவதற்குள் ஒன்பதடி முன்னே போகும். மிதவைகள் காற்றை எதிர்த்து நிற்பதால், மிதவை விமானம் அதைவிடக் குறைவாகத்தான் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 அடி உயரத்தில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றுக்கு ஒன்பது என்ற கணக்கில் சறுக்கினால்கூடச் சுமார் 40 நொடி. 1,300 மீட்டர் சொச்சம் தூரம். அந்த 40 நொடியில் முதல் சில நொடிகள் திகைப்பிலேயே கழிந்துவிடும். மனம் 'இது நடக்கவில்லை' என்று மறுக்கும்.

அந்தத் திகைப்பில்தான் கொலைகாரன் ஒளிந்திருக்கிறான். ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறது. என்ஜின் நின்ற கணமே வேகம் கரையத் தொடங்குகிறது. கீழே தண்ணீர் நெருங்கி வருவதைக் கண்ட கை, தானாகவே மூக்கை இன்னும் மேலே இழுக்கப் பார்க்கிறது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவுக்கு மேல் போனால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவிசை சரியும். இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். பலர் நினைப்பதுபோல என்ஜின் நிற்பதை அது குறிக்கவில்லை. இறக்கை வேலைநிறுத்தம் செய்வதைக் குறிக்கிறது. மீள ஒரே வழி மூக்கைத் தாழ்த்துவது. அதற்கு உயரம் வேண்டும். தாழ உள்ளவரிடம் இல்லாத பொருள் அதுதான்.

திரும்பினால் நிலைமை இன்னும் மோசம். விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கை எடையைத் தூக்குவதோடு திருப்பத்தையும் இழுக்க வேண்டும். உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்ந்தால் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடும். 60 டிகிரி சாய்ந்தால் 41 சதவீதம். நேராகப் பறக்கையில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை குறைந்தாலும் தாங்கும் விமானம், 60 டிகிரி திருப்பத்தில் 141-லேயே கைவிட்டுவிடும். கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை எத்தனையோ உயிர்களை எடுத்திருக்கிறது. விமானப் பள்ளிகளில் அதற்கு 'முடியாத திருப்பம்' என்றே பெயர். மரமோ புதரோ, எதிரே உள்ளதில் நேராக, கட்டுப்பாட்டோடு இறங்கு என்பது பாடம். புல்வெளியிலும் மிதவைகள் சறுக்கிக்கொண்டு நிற்கும். இறக்கை முறியலாம், உள்ளே இருப்பவர் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இப்போது வாலக்பாவுக்குத் திரும்புவோம். போஸ்டின் விமானம் கலப்பினம்: ஒரு மாடலின் உடலும் இன்னொரு மாடலின் இறக்கையும் சேர்த்துச் செய்தது. அதற்குரிய மிதவைகள் நேரத்துக்கு வந்து சேராததால், வேறொரு விமானத்துக்கான பெரிய மிதவைகளைப் பொருத்தினார். மூக்குப் பாரம் கூடியது. என்ஜின் ஓடும்வரை, மூக்கிலுள்ள சுழலி (புரொப்பெல்லர்) வால்மீது வீசும் காற்று அந்தப் பாரத்தைச் சமாளிக்க உதவியது. என்ஜின் நின்றதும் வாலின் வலிமையும் போயிற்று. மூக்கு தலைகுப்புறச் சாய்ந்தது. சரிசெய்ய உயரமும் இல்லை. உலகைச் சுற்றிய கைகளுக்கு அங்கே செய்ய எதுவும் மிச்சமில்லை. என்னைக் கேட்டால், அந்த விபத்து வாலக்பாவில் தொடங்கவில்லை. பொருந்தாத மிதவைகளைப் பூட்டிய அன்றே தொடங்கிவிட்டது.

உயரம் இருந்தால் விமானிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விமானத்தைப் பறக்க வை. பிறகு இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடு. அதன் பிறகே டாங்கு மாற்று, சூடான காற்றைத் திற, மேக்னெட்டோவைப் பார், முடிந்தால் என்ஜினை எழுப்பு. ரேடியோவில் 'மேடே' என்ற அபாய அழைப்பை மூன்று முறை சொல்வதுகூட இவற்றுக்கெல்லாம் பின்னால். வெளியில் இருப்பவர்கள் காற்றில் நிற்கும் விமானத்துக்கு உதவ முடியாது. தேட வருவதற்கு மட்டும் அவர்களுக்கு இடம் தெரிய வேண்டும். தண்ணீரைத் தொடுவதற்கு முன் எரிபொருளை அடைத்து, கதவின் கொக்கியைத் தளர்த்திவிட வேண்டும். மோதலில் உடற்சட்டம் நெளிந்தால் மூடிய கதவு பிறகு திறக்காது.

தண்ணீர் மெத்தை அல்ல

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகமாகத் தொடுபவருக்கு அது கிட்டத்தட்டச் சுவர். மிதவைகளின் நடுப்பகுதி முதலில் பட வேண்டும், மூக்கு சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். மிதவையின் முனை குத்தினால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும், விமானம் அதன் மேல் குட்டிக்கரணம் போடும். நிலத்திலும் இறங்கும் வகை விமானத்தில் சக்கரங்களை வெளியே விட்டபடி தண்ணீரைத் தொட்டாலும் இதே கதிதான். கடலில் மலைபோல் உருண்டு வரும் அலைக்கு எதிராக இறங்காமல் அதன் நீளவாக்கில் இறங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வஞ்சகமானது அசைவே இல்லாத நீர். காற்றில்லாத காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும். பார்ப்பவருக்கு அழகு, விமானிக்கு அதன் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, தெரிவது வானத்தின் பிம்பம். பத்து அடியா, ஐம்பது அடியா? என்ஜின் ஓடினால், நிமிடத்துக்கு 150 அடி வீதம் மெதுவாக இறங்கி, தண்ணீர் தானாக வந்து தொடும்வரை காத்திருப்பார்கள். என்ஜின் நின்றவருக்கு அந்த வசதி கிடையாது. மூக்கை நிமிர்த்த ஒரே ஒரு வாய்ப்பு. அதனால் ஏரியின் நடுவை விட்டு, மரமும் பாறையும் கண்ணுக்குத் தெரியும் கரையோரமாக இறங்கப் பார்ப்பார்கள்.

தலைகீழான கேபின்

மூன்றாவது சங்கதிக்கு வந்துவிட்டோம். பயணியாக நீங்கள் எதையாவது செய்யக்கூடிய ஒரே பகுதி இதுதான்.

மிதவைகள் இரண்டும் சேர்ந்து விமானத்தின் எடையைப்போல 1.8 மடங்கு தாங்க வேண்டும், ஒரு பகுதியில் நீர் புகுந்தாலும் கவிழாமல் மிதக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. அதற்காக அவற்றைத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருப்பார்கள். அதாவது மிதவைகள் எளிதில் மூழ்காது. விமானம் கவிழ்ந்தால் இந்த நல்ல குணமே பாதகமாகிறது. மிதவைகள் மேலே நிற்கும்; அவற்றுக்கு அடியில், தலைகீழாக, தண்ணீருக்குள், கேபின் தொங்கும். நீங்கள் சீட் பெல்ட்டில் தலைகீழாக. மூக்கில் தண்ணீர் ஏறும். கண் திறந்தாலும் எதுவும் தெரியாது. இடப்பக்கம் இருந்த கதவு எங்கே என்று மூளை தேடும்.

2009 நவம்பர் 29 அன்று, கனடாவின் சட்டர்னா தீவில் உள்ள லயால் ஹார்பரிலிருந்து கிளம்பிய பீவர் ஒன்று, ஏறும்போது ஸ்டாலாகி நீரில் விழுந்தது. அதில் என்ஜின் நிற்கவில்லை என்றாலும் முடிவு இந்தக் கட்டுரைக்கு நேரடியாகப் பொருந்தும். எட்டுப் பேரில் ஆறு பேர் கேபினுக்குள்ளேயே மூழ்கி இறந்தார்கள். விமானியும் ஒரு பயணியும் மட்டும் வெளியே வந்தார்கள். வணிக மிதவை விமானங்களில் எளிதில் வெளியேறும் ஜன்னல்கள் வேண்டும், பயணிகள் மிதவை அங்கியை (லைஃப் ஜாக்கெட்) அணிந்தே பயணிக்க வேண்டும் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதன் பின்னர் பரிந்துரைத்தது. 2019-ல் கனடா விதியைத் திருத்தி, சிறிய வணிக நீர்விமானங்களில் அங்கி அணிவதையும், மூழ்கிய விமானத்திலிருந்து வெளியேற விமானிகளுக்குப் பயிற்சி தருவதையும் கட்டாயமாக்கியது. பத்தாண்டுகள். எனக்கு அது மிக நீண்ட காலமாகத் தோன்றுகிறது.

அங்கியை அணிவது மட்டும் போதாது; எப்போது ஊதுவது என்று தெரிய வேண்டும். 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய போயிங் 767 ஒன்று, எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜின்களும் நின்று, கொமொரோஸ் தீவுக் கரையருகே கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் விழுவதற்கு முன்பே உள்ளேயே அங்கியை ஊதிவிட்டவர்கள். தண்ணீர் நிறைந்த கேபினில், ஊதிய அங்கி உங்களை மேலே தூக்கி ஒட்டவைத்துவிடும். கதவோ கீழே இருக்கும். குனிந்து மூழ்கிப் போக அங்கி விடாது. வெளியே வந்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும்.

ஆகவே மிதவை விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும், யாரும் சொல்லாவிட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு கதவின் கைப்பிடியைக் கையால் தேடிப் பிடித்துப் பாருங்கள். மேலே தூக்குவதா, முன்னே தள்ளுவதா என்று பாருங்கள். முழங்காலிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கவிழ்ந்த பிறகும் உங்கள் முழங்காலுக்கும் அந்தக் கைப்பிடிக்கும் உள்ள உறவு மாறாது. மாறுவது மேல் கீழ் மட்டுமே.

விழுந்தால் முதலில் அசைவு நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஒரு கை கைப்பிடியையோ ஜன்னல் விளிம்பையோ பற்றியிருக்கட்டும். எக்காரணம் கொண்டும் அதை விடக்கூடாது. கதவைத் திறங்கள். அதன் பிறகே மறு கையால் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். முதலில் பெல்ட்டை அவிழ்ப்பதே எல்லோருக்கும் தோன்றும். அவிழ்த்துவிட்டால் உடல் மிதந்து சுழலும், திசை போய்விடும், கதவைத் தள்ள ஊன்றுகோலும் இருக்காது. பெல்ட் உங்களை இருக்கையோடு கட்டி வைத்திருப்பதால்தான் தள்ளுவதற்கு வலு கிடைக்கிறது. பிறகு பற்றிய கையை வைத்தே உங்களை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். காலை உதைத்து நீந்தினால் பின்னால் வருபவரின் முகத்தில் படும்.

குளிர்ந்த நீராக இருந்தால் இன்னும் ஒன்று. மனிதோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1-10-1 என்ற எளிய கணக்கைச் சொல்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அதை அடக்குவதே அப்போதைய வேலை. அடுத்த பத்து நிமிடம் விரலும் கையும் சொன்னபடி கேட்கும். ஏற வேண்டியதில் ஏறவும், கட்ட வேண்டியதைக் கட்டவும் அதற்குள் முடித்துவிட வேண்டும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

அந்தப் பத்து நிமிடத்தில், கரை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், நீந்திப் போக முயல வேண்டாம். கவிழ்ந்த விமானத்தின் மிதவைகள் பெரும்பாலும் நீருக்கு மேலே நிற்கும். ஒருவர் ஏறி அடுத்தவரை இழுத்துவிடலாம். வானிலிருந்து தேடி வருபவர்களுக்கு, அலைகளுக்கு நடுவில் தெரியும் தலைகளைவிட, அந்த இரண்டு நீண்ட மிதவைகளும் மேலே உட்கார்ந்திருப்பவர்களும் முதலில் கண்ணில் படுவார்கள்.